இடது கை ஒன்று, வாய் நான்கு

முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நடுவில், முதுகு சாய வழியில்லாத மர முக்காலியில் அக்கா. அவளுக்கு எதிரே, ஃபேன் மோட்டார்களும் செம்புக் கம்பிச் சுருள்களும் பரப்பிக் கிடந்த மேசைக்குப் பின்னால் தம்பி. அக்காவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டு, தரையில் மண்டியிட்டபடி தம்பியின் மனைவி. வாசற்கதவுக்கும் சன்னலுக்கும் இடையில், உட்கார நாற்காலி இருந்தும் உட்காராமல், அக்காவின் கணவர்.

அக்காவின் இடது மேல்கையில் ஒரு பட்டை. பட்டையிலிருந்து ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு வெள்ளைக் கருவி. ஒரு வாரமாக இந்த வீட்டில் பொழுது விடிவதும் சாய்வதும் அதன் முகத்தில்தான்.

“பேசாம இருங்க, மெஷின் ஏறுது” என்று பேச்சைத் தொடங்கிவைத்தாள் தம்பி மனைவி.

“நீதான் பேசறே” என்றான் தம்பி.

“விடுடா. அவ பேசினா என்ன, என் கைக்குக் காதா இருக்கு?” என்றாள் அக்கா.

அக்காவின் கணவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். ஆயுளில் பாதியைக் கற்றுக்குட்டிகளின் பக்கத்து இருக்கையில் கழித்ததில், அருகே எது ஏறினாலும் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். வண்டியின் வேகமாக இருந்தாலும் சரி, மனைவியின் கைப்பட்டையாக இருந்தாலும் சரி.

“மாமா, பிரேக்கை விடுங்க. தரை உள்ள போயிடப் போகுது” என்றான் தம்பி.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டை இறுகியது, முனகியது, புஸ்ஸென்று மூச்சு விட்டது. எண்கள் வந்து நின்றன. சிரிப்பும் நின்றது.

“நூத்தி அம்பத்தி நாலு” என்று படித்தான் தம்பி. “கீழ தொண்ணூத்தி ஆறு.”

“ஐயோ, நேத்தைவிடக் கூட!” தம்பி மனைவி பொத்தியிருந்த கையை இன்னும் இறுக்கினாள். “முகமே வாடிப் போச்சு அண்ணி. இன்னும் ஒரு வாய் காபி தரட்டுமா?”

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடலாம். தம்பியின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறான். மற்ற நாட்களில் பழுதான மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறான். தண்ணீரை மருந்துபோல அளந்து குடிக்கிறான். தன் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று தெரிந்த அன்று, ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கும் அக்கா, தாமதமான வண்டி ஒன்று கடைசியில் வந்தே விட்டது என்கிற குரலில் அதை வீட்டாருக்கு அறிவித்தாள். எல்லாப் பரிசோதனைகளிலும் தேறினாள். கடைசியில் ரத்த அழுத்தத்தில் போய் வண்டி நின்றது. ஆஸ்பத்திரியில் எப்போது பார்த்தாலும் கூடுதலாகவே காட்டியது.

“சில பேருக்கு எங்க மூஞ்சியைப் பார்த்தாலே ஏறிடும்” என்று டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “ஒரு வாரம் வீட்டிலேயே காலையிலும் சாயந்திரமும் பாருங்க. அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வீட்டிலயும் இப்படியே இருந்தா நான் சம்மதிக்க மாட்டேன். தம்பி பிழைக்கணும், சரி. நீங்களும் நல்லா இருக்கணுமில்லையா?”

வீட்டிலும் அப்படியேதான் இருந்தது. இன்று கடைசி நாள். நாளைக் காலையில் டாக்டர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். தாள் இன்று மாலைக்குள் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

கருவியின் மேல் பழி போடவும் வழியில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள். மருந்துக் கடையில் அக்காவின் கணவர் மணிக்கட்டில் கட்டுகிற சின்னக் கருவியைத்தான் முதலில் எடுத்தார். “வாட்ச் மாதிரி இருக்கு, கட்டறதும் சுலபம்.” கடைக்காரப் பெண் தலையாட்டவில்லை. “கையைக் கொஞ்சம் ஏத்தி இறக்கி வெச்சாலே அதுல அளவு மாறிடும் சார். மேல்கையில கட்டறதையே எடுத்துக்கங்க.” அது எடுத்தாயிற்று. அடுத்து, பட்டை என்ன அளவு என்று அவள் கேட்டதுமே தம்பி மனைவி கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை உருவினாள். தையல்காரி அவள்; டேப் இல்லாமல் தெருவில் இறங்க மாட்டாள். கடையில் எல்லோரும் பார்க்க அக்காவின் மேல்கையைச் சுற்றி அளந்து, “பெட்டியில இருக்கற பட்டை அண்ணிக்குப் பத்தாது. பெரிசு குடுங்க” என்றாள்.

“என் கை பெருத்துப் போச்சுன்னு ஊருக்கே சொல்லு” என்றாள் அக்கா.

“சின்னப் பட்டையைக் கட்டினா இல்லாத அழுத்தத்தைக் காட்டுமாம் அண்ணி. சட்டை பத்தலைன்னா தையல் பிரியும். இதுல பயம்தான் வரும்.”

தம்பி அதோடும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்த கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தான். இரண்டும் ஒரே பேச்சு பேசின. ஆகக் கருவி சரி, பட்டை சரி. எண் மட்டும் சரியில்லை.

“போதும்க்கா” என்றான் தம்பி இப்போது.

“என்ன போதும்?”

“உனக்கு பிபி இருக்கு. அதான் ஒரு வாரமா சொல்லுதே. உன்னை வெட்டி எடுத்து என்னை ஒட்ட வைக்கற வேலை வேண்டாம். எனக்கு வேண்டாம்னு இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன்.”

“எழுதுவே, எழுதுவே! குடுக்கறவ நான்.”

“வாங்கறவன் நான். நான் வாங்கலைன்னா யார்கிட்டக் குடுப்பே?”

தம்பி மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாழ்வு அந்த இரண்டு முகங்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டிருந்தது. யார் பக்கம் பேசினாலும் அது அவளுக்குப் பாவமாகப் பட்டது.

“அளவெல்லாம் மெஷின்லயே பதிஞ்சிருக்கு. பார்த்து எழுதினா முடிஞ்சுது” என்று தம்பி கையை நீட்டினான்.

அவன் எட்டுவதற்குள் அக்கா பட்டையைப் பிய்த்து, குழாயைச் சுருட்டி, கருவியை அதன் உறையோடு கைப்பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். “மெஷினே இல்லாம எதைப் பார்த்து எழுதறேன்னு நானும் பார்க்கறேன்.”

“அக்கா! சின்னப் பிள்ளையா நீ?”

“ஆமாடா!”

செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இருந்தாள்.

ரயில் நிலையத்தில் அக்காவின் அறை நடைமேடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் சத்தத்தை விழுங்கும் பஞ்சுப் பலகைகள். நான்காவது பக்கம் கண்ணாடி. கீழே ஆயிரம் பேர் கத்திக்கொண்டு ஓடினாலும் மேலே மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல்தான் இருக்கும். மேசையில் மைக், அதன் பக்கத்தில் சிவப்பு விளக்கு. முதுகு நன்றாகச் சாயும் நாற்காலி. நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு, பேசாத நேரத்தில் மூச்சு வாங்க அமைந்த அறை.

நண்பகலுக்குப் பிறகு வண்டிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி. கோபத்தில் அவள் வீட்டை விட்டு வந்ததிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. மைக்கை அணைத்தாள். சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்குக் கீழே ஒருவர் தன் பெட்டியின் மேலேயே தூங்கிக்கொண்டிருந்ததைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வடிந்து, அதற்கடியில் கிடந்த பயம் மேலே வந்தது. ‘என் உடம்பு இப்படிக் காலை வாருமா? இத்தனை வருஷம் ஒரு தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லையே.’ அந்தப் பயமும் மெல்ல ஓய்ந்தபின், வேறு வேலை இல்லாமல், பையிலிருந்து கருவியை எடுத்தாள். கையை மேசைமேல் வைத்துப் பட்டையைச் சுற்றினாள். பொத்தானை அழுத்தினாள்.

நூற்றுப் பதினெட்டு. கீழே எழுபத்தாறு.

அக்கா எண்ணைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். ‘பைக்குள்ள போட்டு அமுக்கினதுல உடைஞ்சு போச்சு’ என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அழுத்தினாள். நூற்றிருபது. கீழே எழுபத்தெட்டு.

நிச்சயமாக உடைந்துவிட்டது.

கருவியின் உறையில் ஒரு சின்னப் புத்தகம் பிரிபடாமல் கிடந்தது. கம்பி சுற்றுகிற கைக்கு விளக்கப் புத்தகம் எதற்கு என்று தம்பி அதைத் திறக்கவே விட்டதில்லை. பழுதானால் என்ன செய்வது என்று பார்ப்பதற்காக அக்கா அதைப் பிரித்தாள். பழுதைப் பற்றிய பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு படம்.

படத்தில் ஓர் ஆள். முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. பாதங்கள் இரண்டும் தரையில். கை மேசைமேல், நெஞ்சுக்கு நேராக. வாய் மூடியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அக்கா தன் பாதங்களைப் பார்த்தாள். தரையில் இருந்தன. முதுகைச் சாய்த்திருந்தாள். வாய், பிறந்ததிலிருந்து அபூர்வமாக, மூடியிருந்தது.

படத்துக்குக் கீழே நாலைந்து வரிகள். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் அளக்கவும். அளக்கும்போது பேசக் கூடாது.

அவளுக்கு வீட்டு முன்னறை கண்முன் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் கை நல்லா இருக்கணும், என் வீட்டுக்காரரைப் பிழைக்க வைக்கற கை” என்று காலையும் மாலையும் கண் கலங்குகிற தம்பி மனைவி. பட்டை கட்டுமுன் அவள் வாயருகே நீட்டுகிற கொதிக்கிற காபி. எண் ஏற ஏறப் பந்தயம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வருகிற தம்பி. தரையில் பிரேக் போடுகிற வீட்டுக்காரர். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி, சமாதானம் சொல்லி, நடுநடுவே சிரித்தும் வைக்கிற தான். அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மற்ற மூன்று பேரும் சூழ்ந்து உட்கார்ந்துதான் பழக்கம். தனியாக விடுவது அவர்கள் அகராதியில் கைவிடுவதற்குச் சமம்.

தன்னைச் சுற்றி இத்தனை ஆட்கள் இருப்பதுதான் தன் வியாதியா? கண்ணாடி அறையில் தனியாக இருந்த அக்காவுக்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கைப் போட்டாள். அன்று பிற்பகல் வந்த வண்டியின் அறிவிப்பு, வழக்கத்தைவிடக் கனிவாக இருந்ததாகக் கீழே நடைமேடையில் கடை வைத்திருப்பவர் பிறகு சொன்னார்.

மாலையில் அவள் வீடு திரும்பியபோது மேசைமேல் ஓர் உறை இருந்தது. ஒட்டியாகிவிட்டது. பக்கத்தில் அவள் கணவர் சாவியோடு நின்றிருந்தார். கருவி இல்லாமலே தம்பி எழுதிவிட்டான். வேண்டாம் என்று சொல்ல எண்கள் எதற்கு?

“பிரி அதை” என்றாள் அக்கா.

“மாட்டேன்.”

“பிரிக்காட்டி போ. முதல்ல இதைப் பாரு.” கருவியை இயக்கி, அன்று பகலில் பதிந்த இரண்டு எண்களையும் அவன் மூக்குக்கு நேரே காட்டினாள்.

தம்பி பார்த்தான். நிமிர்ந்தான். “யார் கையில கட்டினே?”

“என்னது?”

“ஸ்டேஷன்ல யார் கையில கட்டினேன்னு கேக்கறேன். மூட்டை தூக்கறவர் கையிலயா?”

“அடப்பாவி!” அக்கா இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தாள். “என் கையிலதான்டா! தனியா உக்காந்து, வாயை மூடிட்டு, காபி இல்லாம பார்த்தேன். எனக்கு ஒண்ணும் இல்லை. நீங்க மூணு பேரும்தான் என் பிபி!”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் கை தானாக வாயைப் பொத்தியது.

“நம்ப மாட்டே இல்ல? இப்பவே, இங்கயே பார்க்கலாம். எல்லாரும் வெளிய போங்க” என்றாள் அக்கா.

“போயிட்டா? யார் கையில கட்டறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?” தம்பி விடவில்லை.

“சன்னல் வழியாப் பாரு. கட்டறவரைக்கும் பாரு. கட்டினப்புறம் திரும்பி நில்லு. உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு ஏறும்.”

தம்பியே மேசையிலிருந்த மோட்டார்களை ஒதுக்கினான். சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டான். காபிக்காக உள்ளே நகர்ந்த மனைவியைத் தோளைப் பிடித்துத் திருப்பி வாசலுக்குத் தள்ளினான். கதவு சாத்தப்பட்டது. அக்கா பட்டையைக் கட்டிக்கொண்டு, தன் கைதான் என்று சன்னலை நோக்கித் தூக்கிக் காட்டிவிட்டு, மேசைமேல் வைத்தாள்.

சன்னலில் மூன்று முதுகுகள் திரும்பின. தையல்காரியின் முதுகு லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் முதுகில் சட்டை தளர்ந்து தொங்கியது. எவ்வளவு இளைத்துவிட்டான் என்று முகத்தைப் பார்க்கும்போது தெரிந்ததில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை. சுவர்க்கடிகாரம் ஒன்று அங்கே இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவசரப்படவில்லை. மூச்சு தன் பாட்டுக்கு இறங்கி ஏறியது. பிறகு பொத்தானை அழுத்தினாள்.

“வாங்க” என்றாள் கடைசியில்.

மூவரும் கதவில் முட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நூற்றிருபத்திரண்டு. கீழே எழுபத்தெட்டு.

அக்காவின் கணவர் அப்போதுதான் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

“நன்றி சொல்லிச் சொல்லியே உங்க ரத்தத்தைக் கொதிக்க வெச்சிருக்கேனே அண்ணி!” என்று தம்பி மனைவி அழுகையும் சிரிப்புமாக நின்றாள். கையைப் பிடிக்க வந்து, பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள்.

“இப்பப் பிடிக்கலாம், பட்டையைக் கழட்டியாச்சு” என்று அக்காவே கையை நீட்டினாள். “ஒரு வாரமா நீ பிடிச்சதுல என் வலது கை இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. சாப்பாடு கேட்காம வந்துச்சு, கேட்காம தலை வாரி விட்டே. நான் யாருக்கு நன்றி சொல்றது? வாயை மூடிட்டு இரு.”

தம்பி உறையை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கம்பித் துண்டுகள் கிடந்த டப்பாவில் போட்டான். புதுத்தாள் ஒன்றை எடுத்தான்.

“நல்ல அளவை மட்டும் எழுதுங்க” என்று மனைவி அவசரமாகச் சொன்னாள். “பழசெல்லாம் எதுக்கு? பார்த்ததும் வேண்டாம்னுடுவாங்க.”

“எல்லாத்தையும் எழுதணும்” என்றான் தம்பி.

“நம்ம தப்பாலதானே வந்துச்சு அது?”

“அப்படின்னு நாம சொல்றோம். மறைச்சுட்டு நாளைக்கு அக்காவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவ குடுத்ததை உள்ள வெச்சிட்டு நான் எப்படித் தூங்கறது?”

கருவியிலிருந்து ஒவ்வொரு எண்ணாகத் தம்பி மனைவியே படித்துச் சொன்னாள். அவன் எழுதினான். எண்கள் முடிந்ததும் கீழே கடிதத்தைத் தொடர்ந்தான். அக்கா அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

‘மேலே உள்ள காலை, மாலை அளவுகளை எடுத்தபோது நாங்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, காபி கொடுத்து, கையைப் பிடித்து, பேசியும் பேச வைத்தும் இருந்தோம். தவறு எங்களுடையது. கடைசி மூன்றும் அக்கா தனியாக இருந்து எடுத்தவை. இந்த மூன்றை நம்பி முடிவெடுக்கக் கேட்கவில்லை. இன்னும் ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ஒரு நாள் முழுவதும் உடம்பில் கட்டி அளக்கும் கருவி உண்டென்று கேள்விப்பட்டேன். அதற்கும் அக்கா சம்மதிக்கிறாள். அதிலும் அவளுக்கு அழுத்தம் உண்டென்று தெரிந்தால் நான் பெற்றுக்கொள்ள மாட்டேன். இல்லை என்று தெரிந்தால்’

பேனா அங்கே நின்றது.

இத்தனை மாதத்தில் அவன் ஒருநாளும் வேண்டும் என்று சொன்னதில்லை. உன் இஷ்டம் என்றான், பார்க்கலாம் என்றான், எதுக்குக்கா உனக்குச் சிரமம் என்றான். பள்ளிக்கூடத்தில் பேனாவில் மை தீர்ந்தால்கூடப் பக்கத்துப் பையனிடம் கேட்காமல் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தவன். அவனுக்காகக் கேட்டு வாங்குவதே அக்காவின் வேலையாக இருந்தது. இப்போது அவள் வாயைத் திறக்கவில்லை.

தம்பி எழுதினான்: ‘இல்லை என்று தெரிந்தால், எனக்கு அது வேண்டும். நான் வாழ ஆசைப்படுகிறேன்.’

கையெழுத்துப் போட்டு, திரும்பிப் பார்க்காமல், பேனாவைத் தோளுக்கு மேலே நீட்டினான். அக்கா வாங்கினாள். அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அவன் தலைமேல் ஒரு நொடி கையை வைத்து எடுத்தாள்.

“நேரமாகுது” என்று அவள் கணவர் மெதுவாகச் சொன்னார். “இப்பப் பயிற்சிக்கு வர்றவங்களைக் கூட்டிட்டு அந்த வழியாவே போயிடறேன். ஆஸ்பத்திரி பெட்டியில போட்டுடலாம்.”

“கத்துக்கறவங்களா ஓட்டப் போறாங்க? போய்ச் சேருமா?” என்றாள் தம்பி மனைவி.

“என் கால் எதுக்கு இருக்கு?”

தம்பி தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டான். பசை தடவி, விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தித் தேய்த்தான். அக்காவின் கணவர் அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

வாசலில் பயிற்சி வண்டி காத்திருந்தது. ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண்மணி இரு கைகளாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருந்தார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி உறுமியது. பிறகு, ஒருவழியாக, நடக்கிறவர்கள் முந்திப் போகிற வேகத்தில், கடிதத்தை ஏற்றிக்கொண்டு தெருவில் நகர்ந்தது.